டெங்கு இரத்தமும் நீளுகிற அடிமட்டமும்: எட்டு மாத ஆய்வுகூடக் குறிப்பு

போன வியாழன் பின்னேரம் ஐந்தேகால் இருக்கும், மரபணுத் துண்டுகளைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கி எண்ணும் பிசிஆர் மெஷின் திரையில் பதினெட்டுப் பேருடைய கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக எழும்பின. தண்ணீர் மட்டும் போட்ட குழிகள் நாற்பதாவது சுற்று வரைக்கும் தரையோடு தரையாகக் கிடந்தன. கீழே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து திரும்பப் பார்த்தேன், அப்போதும் அப்படியேதான் இருந்தது. எட்டு மாதமாகப் பிழைத்துப் பிழைத்து வந்த வேலை. எங்கெங்கே பிழைத்தது என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இதே வேலையைத் தொடங்கப்போகிற யாருக்காவது ஒரு மாதமாவது மிஞ்சட்டும்.

செய்ய நினைத்தது இதுதான். டெங்குக் காய்ச்சலோடு வருகிற ஒருவரின் ஒரே இரத்தத் துளியில் இரண்டு விஷயத்தை அளப்பது: வைரஸ் எவ்வளவு இருக்கிறது, அதற்கு உடம்பு என்ன பதில் சொல்கிறது. (பாடப்புத்தகம் உடம்பை 'விருந்துவழங்கி' என்று சொல்லும். கூப்பிடாமல் வந்து கலத்துக்குள் குந்துகிறவனுக்கு என்ன விருந்தோ.) உடம்பின் பதிலை மரபணு வெளிப்பாட்டில் பார்க்கலாம். வைரஸ் நுழைந்ததும் இன்டர்ஃபெரோன் என்ற எச்சரிக்கைச் சமிக்ஞை கிளம்பும், உடனே இஃபிட்1, எம்எக்ஸ்1, ஓஏஎஸ்1 போன்ற மரபணுக்கள் விழித்து தங்கள் நகலான எம்ஆர்என்ஏயை அள்ளிக் கொட்டும். அந்த எம்ஆர்என்ஏயைச் சிடிஎன்ஏயாக, அதாவது டிஎன்ஏ வடிவ நகலாக, மாற்றிக் கியூபிசிஆரில் (அளவை எண்ணுகிற பிசிஆர்) எண்ணுவதுதான் வேலை.

ஆர்என்ஏ-சீக்குவென்சிங் (ஆர்என்ஏயை எழுத்தெழுத்தாக வாசிப்பது) செய்தால் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கலாம், அதற்குக் காசு இல்லை. ஆனால் சில மரபணுக்களே போதுமான இடங்களும் உண்டு. காய்ச்சலோடு வரும் பிள்ளைகளில் பக்டீரியாவா வைரஸா என்று பிரிக்க ஐஎஃப்ஐ44எல், எஃப்ஏஎம்89ஏ என்ற இரண்டே மரபணுக்களை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அதே ஆண்டு காசநோய்க்கு ஜிபிபி5, டியுஎஸ்பி3, கேஎல்எஃப்2 என்று மூன்றை வைத்து இன்னொன்று. அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன். டெங்குவை ஏன் எடுத்தேன் என்று கொழும்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 2017இல் நாடு முழுக்க ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல் நோயாளர்கள். அந்த ஆண்டு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் வராத வீடு தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

நெறிமுறைக் குழுவின் அனுமதி, மூன்று மொழியிலும் சம்மதப் படிவம் எல்லாம் முடிந்த பிறகு முதல் தொகுதியைத் தொடங்கினேன். வார்ட்டில் காலைச் சுற்றின்போது இரத்தத்தை உறையவிடாத ஈடிடிஏ ரியூப்பில் 3 மில்லிலீற்றர் எடுத்து வைப்பார்கள், நான் மத்தியானம் போய் ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவேன். வந்ததும் அமோனியம் குளோரைட்டுக் கரைசலால் செங்குழியங்களை உடைத்துக் கழுவி, அடியில் மிஞ்சுகிற வெண்குழியங்களை டிரைசோல் என்ற கலமுடைக்கும் திரவத்தில் கரைத்து ஆர்என்ஏ எடுப்பது திட்டம்.

முதல் அடி அங்கேயே விழுந்தது. டெங்குவில் வெண்குழியங்கள் குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் சென்றிஃபியூஜிலிருந்து ரியூப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போதுதான் அதன் அர்த்தம் விளங்கியது. சுகமான ஆளின் ரியூப்பில் அடியில் உளுந்து அளவு வெள்ளையாக ஒட்டியிருக்கும். நோயாளியின் ரியூப்பில் கடுகு அளவுகூட இல்லை, ஊற்றும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். சுகமானவரிடம் 7 மைக்ரோகிராம் ஆர்என்ஏ வந்தது, நோயாளியிடம் 1 மைக்ரோகிராம் வந்தாலே பெரிய விஷயம். ஐசோபுரோபனோல் ஊற்றுகிற கட்டத்தில் கொஞ்சம் கிளைக்கோஜன் சேர்த்தால் ஆர்என்ஏ அதோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அடியில் படியும் என்று பிறகுதான் கண்டுகொண்டேன். இதை முதலே செய்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய பிழை மேசையில் இருந்தது. காலை எட்டுக்கு எடுத்த இரத்தம் பன்னிரண்டரை வரைக்கும் வார்ட் மேசையில் 31 பாகையில் கிடந்திருக்கிறது. ரியூப்புக்குள் போன பிறகும் கலங்கள் உயிரோடுதான் இருக்கின்றன, கண்ணாடிச் சுவரையும் குளிரையும் வெக்கையையும் பார்த்துப் பயந்து மரபணுக்களைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கின்றன. நான் அளந்தது டெங்குவையா, மேசையில் இருந்த நாலரை மணித்தியாலத்தையா என்ற சந்தேகம் வந்தது.

சந்தேகத்தைத் தீர்க்க என் கையையே நீட்டினேன். ரெக்னீஷியன் அக்கா மூன்று ரியூப் எடுத்தார். ஒன்றை உடனே பிரித்தோம், ஒன்றை ஒரு மணித்தியாலம் கழித்து, மற்றதை நாலு மணித்தியாலம் கழித்து. ஐஎல்-8 என்ற அழற்சி மரபணுவின் சிடி எண் 27.6, 25.9, 22.8 என்று இறங்கியது. சிடி என்பது கோடு எழும்பும் சுற்றின் எண், ஒன்று குறைந்தால் அளவு இரட்டிப்பு. அதாவது காய்ச்சலோ தடிமனோ இல்லாத என் இரத்தத்தில், சும்மா மேசையில் இருந்ததற்கே கிட்டத்தட்ட 28 மடங்கு கூடியிருக்கிறது. அதுவரைக்கும் சேர்த்த ஏழு பேரின் மாதிரிகளையும் ஒதுக்கிவிட்டேன். காய்ச்சலோடு படுத்திருந்து ஊசிக்குக் கை நீட்டிய ஏழு பேர். இன்றைக்கும் அதுதான் மனதில் குத்துகிறது.

இதற்கென்றே பக்ஸ்ஜீன் என்று ரியூப் இருக்கிறது. 2.5 மில்லிலீற்றர் இரத்தம் உள்ளே விழுந்ததுமே ஆர்என்ஏ அப்படியே உறைந்த நிலைக்குப் போய்விடும். எனக்குச் சொன்ன விலை ஒன்றுக்கு 4,500 ரூபாவுக்குக் கிட்ட, அதிலிருந்து ஆர்என்ஏ எடுக்கும் கிட் வேறு. இன்னொன்று, அறை வெப்பநிலையில் மூன்று நாள் வைக்கலாம் என்று போட்டிருப்பார்கள், அந்த அறை 18 முதல் 25 பாகை. அது எந்த ஊர் அறையோ, ஏப்ரல் மாதத்துக் கொழும்பு வார்ட் இல்லை.

அதனால் ஆர்என்ஏயைப் பழுதாகாமல் காக்கும் ஆர்என்ஏலேட்டர் மாதிரிக் கரைசலை நாங்களே செய்தோம். 935 மில்லிலீற்றர் சுத்த நீர், 0.5 மோலர் ஈடிடிஏ 40 மில்லிலீற்றர், 1 மோலர் சோடியம் சித்திரேற்று 25 மில்லிலீற்றர், அமோனியம் சல்பேட்டு 700 கிராம். இளஞ்சூட்டில் கலக்கியில் வைத்தால் கரைய ஒரு காலை போகும், அவசரப்பட்டால் அடியில் கற்கண்டு மாதிரி நிற்கும். பிறகு சல்பூரிக் அமிலத்தால் பிஎச் 5.2க்குக் கொண்டுவர வேண்டும். "தேயிலைக்குப் போடுற பசளையைத்தானே தம்பி நிறுக்கிறீர்" என்று அக்கா சிரித்தார். அதே உப்புத்தான், ஆனால் பசளைக் கடையில் வாங்கிவிடாதீர்கள், ஆய்வுகூடத் தரம் வேண்டும்.

2 மில்லிலீற்றர் ரியூப்களில் 1.3 மில்லிலீற்றர் கரைசலை முதலே நிரப்பி வார்ட்டில் கொடுத்து வைத்தேன். இரத்தம் எடுத்த கையோடு 0.5 மில்லிலீற்றரை அதில் விட்டுப் பத்துத் தரம் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். முதல் இரண்டு ரியூப்கள் கவிழ்க்கப்படாமலே வந்தன, மேலே தெளிந்த நீர், கீழே கெட்டித் தயிர் மாதிரி ஒரு கபிலக் கட்டி. பிழை என்னுடையது, நேர்ஸ்மாருக்குக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேனே தவிரச் செய்து காட்டவில்லை. அடுத்த நாள் போய் நின்று காட்டினேன், பிறகு பிரச்சினையே வரவில்லை. இந்த முறையில் செங்குழியமும் சேர்ந்தே வரும், எம்ஆர்என்ஏயில் பெரும்பங்கு செங்குழியத்தின் குளோபினாக இருக்கும். கியூபிசிஆருக்கு அது பெரிய தலையிடி இல்லை, சீக்குவென்சிங்குக்கு அனுப்புவதென்றால் குளோபினை முதலில் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்த காசில் பெரும்பகுதி குளோபினை வாசிக்கத்தான் போகும்.

ஆர்என்ஏ நல்லதா கெட்டதா என்று பார்க்கும் மெஷின் எங்களிடம் இல்லை. அதற்கு ஒரு மலிவான வழி: ஒரு வீத அகரோஸ் ஜெல்லில் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய வாசனை சேர்க்காத பிளீச்சை நூறு மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிலீற்றர் கணக்கில் சேர்த்து ஊற்றினால், பிளீச் ஆர்என்ஏயை வெட்டுகிற ஆர்என்ஏஸ் நொதியைக் கொன்றுவிடும், பட்டைகள் தெளிவாக விழும். ரைபோசோம் ஆர்என்ஏயின் இரண்டு பட்டைகள், மேலே 28எஸ், கீழே 18எஸ். மேல்பட்டை கீழ்ப்பட்டையைவிட ஏறக்குறைய இரட்டிப்புப் பிரகாசமாக இருந்தால் ஆர்என்ஏ முழுசாக இருக்கிறது. பட்டைக்குப் பதில் கீழ்நோக்கி மூக்குச்சளி மாதிரி இழுபட்டால் போச்சு. எனக்கு நான்கு மாதிரிகள் அப்படி இழுபட்டன. ஏசி பழுதான கிழமையில் ஜன்னலைத் திறந்து வைத்து, வியர்த்த கையுறையோடு வேலை செய்த நாள் அது. ஒளியால் ஆர்என்ஏயின் சுத்தத்தைப் பார்க்கும் நனோட்ரொப்பில் 260/230 விகிதம் 0.6 என்று வந்தால் பயப்பட வேண்டாம், டிரைசோலின் குவானிடின் உப்பு மிச்சம் நிற்கிறது. 75 வீத எதனோலில் இன்னொரு தரம் கழுவினால் எனக்கு 1.8க்கு மேல் வந்தது.

அடுத்தது, சொல்ல வெட்கமான பகுதி.

சிடிஎன்ஏ செய்ய ஃபிரீசரில் ஒலிகோ-டிடி பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) இருந்தது, முந்தைய மாணவர் விட்டுப்போனது, போட்டேன். மனித மரபணுக்கள் எல்லாம் அழகாக வந்தன. டெங்கு வரவில்லை. என்எஸ்1 என்ற டெங்குப் புரதச் சோதனையில் பொசிட்டிவ் ஆன, காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாள் ஆளிடமும் சிடி 35, 36 என்று ஏனோதானோவென்று வந்தது, பலரிடம் ஒன்றுமே இல்லை. பிரைமர் பிழை என்று நினைத்தேன். புதுச் சோடி ஓடர் செய்தேன், 5,600 ரூபா, மூன்று கிழமை காத்திருப்பு. அதுவும் அப்படியே. வெப்பநிலையை 58இலிருந்து 62 வரை மாற்றி மாற்றி ஓட்டினேன். இப்படி ஏழு கிழமை போனது.

ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது சும்மா யோசனை ஓடியது, ஒலிகோ-டிடி எதைப் பிடிக்கிறது? எம்ஆர்என்ஏயின் கடைசியில் இருக்கும் பொலி-ஏ வாலை. டெங்குவின் மரபுத்தொகுதி ஏறக்குறைய 10,700 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்என்ஏ இழை. அதற்கு வால் இருக்கிறதா? இல்லை! ஃபிளேவிவைரஸ்களுக்குப் பொலி-ஏ வால் கிடையாது என்று பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன். நடுவில் எங்காவது ஏ எழுத்துகள் வரிசையாக வந்த இடத்தில் பிரைமர் தொற்றிக்கொண்டதால்தான் அந்த 35, 36. ஒன்றுமே வராமல் இருந்திருந்தால் முதலே சந்தேகித்திருப்பேன், அரைகுறையாக வந்ததுதான் என்னை ஏமாற்றியது.

ரண்டம் ஹெக்ஸாமருக்கு, வால் இல்லாமலே எங்கும் ஒட்டுகிற ஆறெழுத்துப் பிரைமர்களுக்கு, மாறினேன். அதற்கு முதலில் 25 பாகையில் பத்து நிமிடம் விட வேண்டும், நேரே சூட்டுக்குப் போனால் அந்தக் குட்டிப் பிரைமர்கள் ஒட்டாது. அதே இரண்டாம் நாள் ஆளின் அதே ஆர்என்ஏயில் சிடி 21.4. பழைய பிரைமர் சோடியிலும் அதே எண்தான் வந்தது. புதுச் சோடியில் பாதி இப்போதும் ஃபிரீசரில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள்.

நொதி போடாத கட்டுப்பாட்டுக் குழியையும் ஒவ்வொருவருக்கும் வையுங்கள். ஆர்என்ஏயைச் சிடிஎன்ஏயாக்கும் ரிவேர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி இல்லாமலே எனக்கு இரண்டு மாதிரிகளில் சிடி 33இல் கோடு எழும்பியது, அது ஆர்என்ஏயோடு வந்த டிஎன்ஏ. டிஎன்ஏயை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி போட்டதும் போய்விட்டது.

கரண்ட் கதையும் உண்டு. ஒரு பிளேட் (96 குழித் தட்டு) 27ஆவது சுற்றில் நிற்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் வர ஒரு பத்துப் பதினைந்து செக்கன், அதற்குத்தான் யூபிஎஸ் இருக்கிறது, ஆனால் அதன் பற்றரி எப்போதோ செத்துவிட்டது, பச்சை லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. "கரண்ட் வரும் தம்பி, உந்தப் பிளேட் வராது" என்றார் அக்கா. புறக்கோட்டையில் 12 வோல்ட் 9 ஆம்பியர்-மணித்தியாலப் பற்றரி இரண்டு வாங்கி, பதினான்காயிரத்துச் சொச்சம், நானே மாற்றினேன். போன பிளேட்டின் விலை அதைவிடக் கூட. 2025 பெப்ரவரியில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடே இருண்ட அந்த ஞாயிற்றுக்கிழமையை அனுபவித்த பிறகும் யூபிஎஸ்ஸைத் திறந்து பார்க்காமல் இருந்தது என் அலட்சியம்.

கடைசிச் சிக்கல்தான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு ரியூப்பிலும் ஆர்என்ஏயின் அளவு கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், ஆகவே எந்த மரபணுவையும், மாறாமல் நிற்கிற ஒரு மரபணுவோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். அதுதான் அடிமட்டம், அளவுகோல். நான் பி2எம் என்ற மரபணுவை எடுத்தேன், இரத்தத்தில் நன்றாக வெளிப்படும், பலரும் பாவிக்கிறார்கள். சுகமான ஆறு பேரிலும் அது ஒரே இடத்தில் நின்றது. நோயாளிகளில் இஃபிட்1 சராசரியாக 3 சுற்று முன்னால் வந்தது, எட்டு மடங்கு. காய்ச்சலில் இன்னும் கூடவாக இருக்க வேண்டுமே என்று ஓர் உறுத்தல்.

எல்லா மாதிரியிலும் ஒரே அளவு, 200 நனோகிராம் ஆர்என்ஏ போட்டுப் பி2எம்மை மட்டும் தனியே பார்த்தேன். நோயாளிகளில் அது 1.3 சுற்று முன்னால் வந்தது. யோசித்தால் வராமல் என்ன செய்யும்? பி2எம் என்பது, கலத்துக்குள் இருப்பதை நோயெதிர்ப்புக் கலங்களுக்குக் காட்டும் எம்எச்சி முதலாம் வகை மூலக்கூற்றின் சோடி. இன்டர்ஃபெரோன் எழும்பினால் எம்எச்சி கூடும், கூடவே இதுவும் கூடும். காய்ச்சலில் நீளுகிற அடிமட்டத்தை வைத்துக்கொண்டு காய்ச்சலின் உயரத்தை அளந்திருக்கிறேன். ஆர்பிஎல்பி0, எச்பிஆர்டி1, டிபிபி, ஜிஏபிடிஎச் நான்கையும் எல்லா மாதிரியிலும் ஓட்டி, ஒன்றோடொன்று மிகக் குறைவாக விலகிய இரண்டை, எனக்கு அது ஆர்பிஎல்பி0வும் எச்பிஆர்டி1உம், சேர்த்து அடிமட்டமாக்கினேன். இஃபிட்1 இப்போது 4.3 சுற்று, கிட்டத்தட்ட 20 மடங்கு. உங்கள் மாதிரிகளுக்கு இதே சோடி சரிவரும் என்று எடுத்துவிடாதீர்கள், ஓட்டிப் பாருங்கள்.

வியாழக்கிழமைப் பிளேட்டின் கணக்கு: 12 நோயாளிகளும் 6 சுகமானவர்களும், ஒவ்வொருவருக்கும் இரண்டு குழி, இரண்டு மரபணு (டெங்குவும் இஃபிட்1உம்), ஆக 72. பத்து மடங்காக ஐந்து படி நீர்த்த மாதிரிகளால் வரைகிற தரக்கோட்டுக்கு 20, தண்ணீருக்கு 4, மொத்தம் 96, ஒரு குழிகூட மிச்சமில்லை. அந்தக் கோட்டின் சாய்வு -3.32 என்றால் நூறு வீதத் திறன், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் சரியாக இரட்டிப்பு. டெங்குவுக்கு -3.40, இஃபிட்1க்கு -3.38 வந்தது. சிஎக்ஸ்சிஎல்10 என்ற இன்னொரு மரபணுவின் பிரைமர் முந்தின கிழமை -3.9 தந்தது, அதை விட்டுவிட்டேன். கையேடு 20 மைக்ரோலீற்றர் கலவை சொல்லும், நான் 10இல் ஓட்டினேன், 5 மில்லிலீற்றர் சைபர் (ஒளிரும் சாயம்) கலவை (95,000 ரூபா) பத்துப் பிளேட்டுக்கு வந்தது. ஆனால் 10இல் ஓட்டுவதென்றால் பைப்பெட் நேர்மையாக இருக்க வேண்டும். எங்கள் சின்னப் பைப்பெட்டால் 2 மைக்ரோலீற்றர் நீரைப் பத்துத் தரம் தராசில் விட்டேன், 20 மில்லிகிராம் வரவேண்டிய இடத்தில் 17.8. அதைத் திருத்தின பிறகுதான் சோடிக் குழிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின.

முடிவில் என்ன தெரிந்தது? இரண்டாம் மூன்றாம் நாளில் வந்தவர்களில் வைரஸும் உச்சத்தில், இஃபிட்1உம் உச்சத்தில். ஐந்தாம் ஆறாம் நாளில் வந்தவர்களில் வைரஸ் சிடி 30க்கு மேல், இஃபிட்1 சுகமானவர்களின் அளவுக்குக் கிட்ட இறங்கியிருக்கிறது. வெளியில் தெரிந்த கதைதான், புதிதாக ஒன்றும் இல்லை. 12 பேரை வைத்து அதற்கு மேல் எதுவும் சொல்லவும் மாட்டேன். இரத்தத்திலுள்ள கலங்களின் கலவையே காய்ச்சலில் மாறுவதால், மரபணு கூடியதா, அதை வெளியிடுகிற கலத்தின் பங்கு கூடியதா என்ற கேள்வி இன்னும் தொங்குகிறது. ஒவ்வொருவரின் எஃப்பிசி (இரத்தக் கலங்களின் எண்ணிக்கை) தாளையும் வைத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

அடுத்த தொகுதியில் ஒரே ஆளிடம் ஒரு தரம் இல்லை, மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் என்று இரண்டு தரம் எடுக்கப் பார்க்கிறேன். அதற்குத் திரும்ப நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டும், படிவம் நிரப்பியாகிறது. 1.3 மில்லிலீற்றர் கரைசலோடு ரியூப்கள் நாற்பது நிரப்பி அடுக்கி வைத்திருக்கிறேன், மூடியில் நிரப்பிய திகதியோடு. யூபிஎஸ் பற்றரியிலும் திகதி ஒட்டியாயிற்று. ஒலிகோ-டிடி ரியூப்பை மட்டும் அக்கா எடுத்து வேறு றாக்கையில் ஒளித்து வைத்துவிட்டார், எங்கே என்று கேட்டால் சொல்கிறார் இல்லை.